மரத்துக்குத் தையல் விட்டவள்

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் "ம்" என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

தையல் மிஷின் மோட்டார் என்னால்தான் எரிந்தது. நீ துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்த அந்த மதியம், பிக்கப் சுற்ற அதை எடுத்தேன். எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டிதான் பிக்கப். காந்தத்தின்மேல் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை எட்டாயிரம் தடவை சுற்ற வேண்டும். கையால் சுற்றினால் சீராக வராது. பெடலைப் பாதி அழுத்தி முக்கால் மணி நேரம் ஓட்டினேன். ஏழாயிரத்து நானூறாவது சுற்றில் கருகிய வாசனை வந்தது. மிச்சம் அறுநூறைக் கையால் சுற்றி முடித்தேன். மிஷினுக்கு உறை போட்டு மூடினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை. மின்சாரம் படித்துப் பட்டம் வாங்கியவள் ஒரு மோட்டாரைச் சூடேற்றிக் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது?

மன்னிப்புக் கேட்கும் கடிதத்திலேயே உதவியும் கேட்பது அசிங்கம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே மீட்டர் சோதனைக் கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சாப்பாட்டு அறையில் ஒரே நீள மேசை. எட்டு மாதத்தில் அங்கே நான் பேசிய அத்தனையும் ஒரு தபால் அட்டைக்குள் அடங்கிவிடும். போன வாரம் கணக்குப் பிரிவு மேடம் வாடிய முகத்தோடு வந்தார். வீடு மாற்றும்போது அவருடைய கிடார் லாரியிலிருந்து விழுந்து உடம்பு இரண்டாகப் பிளந்துவிட்டதாம். ஒவ்வொரு வருடமும் ஆபீஸ் ஆண்டு விழாவில் மூன்று பாட்டு வாசிப்பார். இந்த வருட விழா செப்டம்பர் 14. ஆளாளுக்குத் தூக்கிப்போடச் சொன்னார்கள். அப்போது யாரோ, "கழுத்து நல்லா இருந்தா உடம்பு புதுசா செஞ்சுக்கலாம், நான் செஞ்சு தரேன்" என்றார்கள். அது நான்தான்.

மேனேஜர் கரண்டியை வைத்துவிட்டு, "யாரு பேசினது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். மறுநாள் காலை மேடம் கிடாரின் கழுத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் ஸ்டூலில் வைத்துவிட்டார்.

பதினான்காம் தேதி அது மேடையில் ஒலிக்க வேண்டும், அக்கா. ஒலிக்காவிட்டால் நான் அந்த மேசையில் இனி ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டேன். கழுத்தும் அதன் தலையில் கம்பி முறுக்கும் சாவிகளும் இருக்கின்றன. பிக்கப் உன் மிஷின் தந்தது. உடம்பு வேண்டும். பழுப்புக் காகிதத்தில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். அத்தானிடம் சொல்லி ஒரு பலகையில் வெட்டித் தரச் சொல்வாயா? மாட்டேன் என்றாலும் எழுது.

உன் தங்கை


ஆகஸ்ட் 7

வாயில்லாப்பூச்சிக்கு,

முப்பத்திரண்டு பள்ளிக்கூட நிக்கர். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது. மிஷின் உறையைத் தூக்குகிறேன், பெடலை மிதிக்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. செத்தவர் முகத்தை மூடுவதுபோல அத்தனை அழகாக உறையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பழைய இரும்பு மிதியை மாட்டிக் காலாலேயே தைத்து முடித்தேன். கெண்டைக்கால் இன்னும் கல்லாகக் கிடக்கிறது. அதனால்தான் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நீ அழுதிருப்பாய், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். திட்ட வேண்டிய ஆளை யாராவது சமாதானப்படுத்துவார்களா?

மோட்டார் சரியாகிவிட்டது. இனி அதைத் தொட்டால் விரலை வைத்துக் காஜா அடித்துவிடுவேன்.

உன் காகிதத்தை அத்தானிடம் காட்டினேன். பட்டறையில் தரையில் விரித்துப் போட்டு மூன்று தரம் சுற்றி வந்தார். "கதவுன்னா நாலு மூலை, ஜன்னலுன்னா நாலு மூலை. இதுல ஒரு மூலைகூட இல்லையே, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்றார். அப்புறம் நீ சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்த கதையைச் சொன்னேன். "அவளா சொன்னா? நெஜமாவா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, கதவுச் சட்டத்தில் மிஞ்சிய பலகைகளை எடுத்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்குக் காகிதம் பார்த்து மரத்தில் கோடு போடப் பழக்கமில்லை. கோடு நான் போட்டுத் தருகிறேன், வெட்டுவது அவர். உனக்காக என்று நினைக்காதே. பிளந்துபோன கிடாரை வைத்துக்கொண்டு உன்னை நம்பிக்கொண்டிருக்கும் அந்த மேடத்துக்காக.

ஒன்று மட்டும் புரியவில்லை. உனக்கு வாசிக்கவே தெரியாது. அப்புறம் எதற்கடி இந்த வேலை?

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றே படித்து முடித்தேன். காஜா பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன்.

எதற்கு என்று கேட்டாய். கல்லூரியில் ஒரு சீனியர் வேலை செய்யாத கிடாரை எங்கள் அறையில் போட்டுவிட்டுப் போனாள். திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. ஈயம் உருக்கிப் பற்ற வைத்ததும் பக்கத்து அறைப் பெண் அதை வாங்கி வாசித்தாள். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். நான் ஒரு வார்த்தை பேசாமலே அத்தனை பேரும் என் வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு கையில் கிடைத்த கிடாரையெல்லாம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிக்கப் மாற்றுவது, ஒயர் மாற்றுவது எல்லாம் வரும். உடம்பு செய்வது இதுதான் முதல் தடவை.

பலகைக் கனம் ஒன்றே முக்கால் அங்குலம். காகிதத்தில் மூன்று ஜன்னல் வெட்டியிருக்கிறேன். மேலே இருப்பது கழுத்து உட்காரும் பள்ளம். அதுதான் முக்கியம். கழுத்தை அதில் இறுக்கமாகச் செருகி நான்கு திருகு போட வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் சுருதி நிற்காது. கழுத்தின் அடியைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துதான் அந்த ஜன்னலை வெட்டினேன். அப்படியே வெட்டச் சொல்.

இங்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "கிடார், அந்த நாப்பதாம் நம்பர் மீட்டரைப் பாரு" என்கிறார் மேனேஜர். மேடம் ஒன்றும் கேட்பதில்லை. தினமும் போகும்போது என் மேசையை இரண்டு விரலால் தட்டிவிட்டுப் போகிறார். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அந்தத் தட்டலுக்கு என்ன பதில் சொல்வது?

உன் தங்கை


ஆகஸ்ட் 24

என் தங்கைக்கு,

உடம்பு தயார். இன்று பார்சல் போட்டாயிற்று. பழைய போர்வையில் சுற்றி நான்கு பக்கமும் தைத்திருக்கிறேன். கத்தரியால் வெட்டாதே, தையலைப் பிரி. போர்வை எனக்கு வேண்டும்.

உன் அத்தான் இப்படி ஒரு வேலையை ரசித்து நான் பார்த்ததில்லை. இரண்டு பலகையைப் பசை போட்டு ஒட்டி, இரண்டு நாள் இறுக்கிக் கட்டி வைத்தார். வளைவுகளை அரத்தால் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கதவுக்கு ஆள் வந்து நின்றால், "அது நாளைக்கு, இது ரொம்ப அவசரம்" என்று அனுப்பிவிடுகிறார். பக்கத்துக் கடை வெல்டர் எட்டிப் பார்த்து, "என்ன, துடுப்பு செய்யறியா?" என்று கேட்டதற்கு, "உனக்கெல்லாம் சொன்னா புரியாது" என்றார். அவருக்கே போன வாரம்தான் புரிந்தது.

உன் காகிதத்தில் ஒரு குறை இருந்தது. படித்த பிள்ளை அவசரத்தில் விட்டிருப்பாய் என்று நானே சரிசெய்து கோடு போட்டுவிட்டேன். பிரித்துப் பார்த்தால் தெரியும்.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்கா,

பார்சல் வந்தது. நீ சரிசெய்தது தெரிந்தது.

சுற்றிலும் கால் அங்குலம் கூட விட்டிருக்கிறாய். ஜன்னல்களையும் உள்பக்கம் கால் அங்குலம் சின்னதாக்கியிருக்கிறாய். தையலுக்கு விட்டிருக்கிறாய் என்று புரிய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மரத்துக்கு யாராவது தையல் விடுவார்களா? மடித்துத் தைக்கப் போகிறேனா நான்?

பிக்கப் இறங்கவில்லை. கழுத்து பள்ளத்தின் வாயில்கூட நுழையவில்லை. இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. என்னிடம் ஒரு உளியும் ஒரு அரமும் மட்டும் இருக்கின்றன. ஹாஸ்டல் அறையில் ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துக் குடைகிறேன். அறைத்தோழி தும்மிக்கொண்டே இருக்கிறாள். "அப்படியே வெட்டச் சொல்" என்று தெளிவாக எழுதியிருந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கோடு போட்டிருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்காது. ஆனால் உனக்கு எல்லாமே உன் அளவுதான்.

மேடம் இன்றும் மேசையைத் தட்டினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.


ஆகஸ்ட் 31

அக்கா,

மூன்று நாளைக்கு முன் நான் எழுதிய கடிதம் வந்திருந்தால் படிக்காதே. படித்துவிட்டிருந்தால் இதையும் படி.

நேற்று கழுத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்தேன். பழைய பசையும் பெயின்ட்டும் ஏறிக் கிடந்தது. கத்தியால் சுரண்டும்போது ஒரு பக்கம் மெல்லிய மரச் சில்லு ஒன்று பெயர்ந்து விழுந்தது. பதறிப்போய் மறுபக்கம் பார்த்தேன். அங்கேயும் ஒன்று. மேடத்துக்கு முன்னால் அந்தக் கிடாரை வைத்திருந்த யாரோ, கழுத்து ஆடுகிறது என்று இருபுறமும் சில்லு ஒட்டி இறுக்கியிருக்கிறார்கள். மேலே பெயின்ட் அடித்திருந்ததால் தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கிடாரில் சுருதி நிற்கவில்லை என்று மேடம் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி புலம்புவதற்குக் காரணமே அந்தச் சில்லுகள்தான்.

நான் அந்தச் சில்லுகளோடு சேர்த்துத்தான் பென்சில் ஓட்டியிருக்கிறேன். முதலில் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் வரைந்திருக்க வேண்டும். வரைந்துவிட்டுச் சுத்தம் செய்தேன். கழுத்தின் உண்மையான அகலம் நான் காகிதத்தில் வெட்டியதைவிட நான்கு மில்லிமீட்டர் குறைவு. அத்தான் என் காகிதத்தின்படியே குடைந்திருந்தால், கழுத்து பள்ளத்துக்குள் லொடலொடவென்று ஆடியிருக்கும். குடைந்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. நானும் சில்லு ஒட்டத்தான் வேண்டியிருந்திருக்கும்.

நல்லவேளை, நீ விட்டிருந்த மரம் அங்கே இன்னும் மிச்சம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, ஒவ்வொரு செதுக்கலுக்கும் கழுத்தை வைத்து வைத்துப் பார்த்தேன். இன்று காலை அது உள்ளே இறங்கியது. உடம்பைப் பிடிக்காமல் கழுத்தை மட்டும் பிடித்துத் தூக்கினேன். இன்னும் ஒரு திருகுகூடப் போடவில்லை, அக்கா. முழுக் கிடாரும் கூடவே மேலே வந்தது. அறைத்தோழி தும்முவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள்.

படித்துப் பார்த்திருந்தால் என்று எழுதினேன். அதை எழுதியிருக்கக் கூடாது. மோட்டாருக்கு மன்னிப்புக் கேட்டது சுலபமாக இருந்தது. இதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எழுதித் தபாலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

உன் தங்கை


செப்டம்பர் 4

என் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் மேலே வைத்திருந்தது இரண்டாவது. அதனால் மன்னிப்பை முதலில் படித்தேன். எதற்கு இவ்வளவு உருகுகிறாள் என்று ஒன்றும் புரியவில்லை. படிக்காதே என்று எழுதியிருந்தாய். அப்படி எழுதினால் படிக்காமல் இருப்பார்களா? பிரித்தேன். அப்புறம் புரிந்தது.

வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆனால் படித்துப் பார்த்துத்தான் கோடு போட்டேன். கழுத்தை "இறுக்கமாகச் செருகி" என்று நீதான் எழுதியிருந்தாய். பதினாறு வருடமாக அளவு எடுக்கிறேன். இறுக்கமாக வேண்டும் என்று சொல்கிற யாரும் சரியான அளவு கொடுத்ததே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். உன் கிடாரும் உள்ளே ஒரு சட்டை போட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறது. விட்டு வைத்தால் பிடிக்கலாம், வெட்டிவிட்டால் ஒட்டுப்போடத்தான் வேண்டும். துணிக்கு அது உண்மை என்று எனக்குத் தெரியும். மரத்துக்கும் உண்மையா என்று தெரியாது, அதனால் விட்டேன்.

இதை அத்தானிடம் சொன்னேன். "நான் அப்பவே கேட்டேனே, எதுக்கு ரெண்டு கோடுன்னு. 'உங்களுக்குத் தெரியாது, நான் போட்ட கோட்டுல வெட்டுங்க'ன்னே" என்றார். இரண்டு நாளாக வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அவரே சொல்லிக் கூடுதல் மரம் விட வைத்ததுபோலப் பேசிக்கொண்டிருக்கிறார்.

சண்டையை நிக்கர் தைத்தபோதே முடித்துவிட்டேன். இதைத் தனியாக வேறு வைத்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. பதினான்காம் தேதி என்ன ஆயிற்று என்று ஒன்று விடாமல் எழுது. நீ எங்கே நின்றாய் என்பது உட்பட. கதவோரம் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 15

அக்கா,

கதவோரத்தில்தான் நின்றேன். முதல் பத்து நிமிடம்.

கிடார் பன்னிரண்டாம் தேதியே முடிந்துவிட்டது. வெளிப்பக்கம் நீ விட்ட கால் அங்குலத்தைக் குறைக்கவில்லை. மேடம் மடியில் வைத்துப் பார்த்து, "பழசைவிட நல்லா உட்காருதே" என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு அடித்து, ஒயர் எல்லாம் பற்ற வைத்தேன். ஒத்திகையில் சுருதி ஒரு இழைகூட விலகவில்லை. மேடம் என் மேசையை அன்றைக்குத் தட்டவில்லை. என் தோளைத் தட்டினார்.

விழாவில் முந்நூறு பேர். திரை விலகியது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் கம்பியை மீட்டுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் "உய்ய்ய்ங்" என்று ஒரு சத்தம் எழுந்தது. கூட்டம் காதைப் பொத்தியது. மேனேஜர் முதல் வரிசையில் திரும்பித் திரும்பி என்னைத் தேடினார்.

என்ன ஆயிற்று என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாலத்துக்கு அடியில் ஒரு எர்த் ஒயர் போகும். அது அறுந்தால் இப்படித்தான் இரையும். அளவெடுத்து, சரியாக அந்த நீளத்துக்கே வெட்டி வைத்தவள் நான்தான். மேடம் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தபோது கிடாரில் செருகியிருந்த கேபிள் இழுபட்டு அந்த ஒயர் விட்டுப்போயிருக்கிறது. சிரி. பரவாயில்லை, நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

திறந்து பற்ற வைக்க நேரமில்லை. கதவுக்குப் பின்னால் போய்விடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். அப்போது மேடம் கூட்டத்தைப் பார்க்கவில்லை, கோபப்படவும் இல்லை. கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கு வலிக்கிறதோ என்பதுபோலத் தடவினார். நான் நடந்து மேடைக்குப் போனேன். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து, இரண்டு முனையையும் பல்லால் உரித்து, ஒரு முனையைப் பிளக் செருகும் தகட்டிலும் மறுமுனையைப் பாலத்திலும் விரலால் அழுத்தினேன். சத்தம் நின்றது. விரலை எடுத்தேன். "உய்ய்ய்ங்." திரும்ப அழுத்தினேன்.

மேடம் குனிந்து, "கையை எடுக்காம இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"மூணு பாட்டுதானே மேடம். இருக்கேன்" என்றேன். மைக் பக்கத்திலேயே இருந்ததால் முந்நூறு பேருக்கும் கேட்டது. கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படியே மேடைத் தரையில், விளக்கு வெளிச்சத்துக்கு நடுவில், மேடத்தின் காலடியில் சம்மணம் போட்டு மூன்று பாட்டும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆட்காட்டி விரலும் கிடாரில். இரண்டாம் பாட்டில் கால் மரத்துப்போனது. மூன்றாம் பாட்டில் மூக்கு அரித்தது, சொறிய வழியில்லை. கிடாரின் உடம்பு முழுவதும் அதிர்வதை விரல் வழியாக உணர்ந்தேன். இத்தனை கிடார் பிரித்திருக்கிறேன், வாசிக்கும்போது ஒன்றைத் தொட்டுக்கொண்டு இருந்ததில்லை.

முடிந்ததும் மேனேஜர் மைக்கை என்னிடம் நீட்டி யார் செய்தது என்று சொல்லச் சொன்னார். "மரவேலை எங்க அத்தான். அளவு எங்க அக்கா. எர்த் ஒயர் மட்டும் நான்" என்றேன். கை தட்டல் நிற்க நேரமானது.

உன் தங்கை


செப்டம்பர் 19

என் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். இழைப்புளிச் சத்தம் நின்றது. "மூணு பாட்டும் மேடையில உட்கார்ந்திருந்தாளா? நம்ம வாயில்லாப்பூச்சியா?" என்றார் அத்தான். வெல்டரைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை படிக்க வைத்தார். ஒயருக்கும் கொஞ்சம் விட்டு வெட்டக்கூடாதா என்று அவனே கேட்டான். என் பங்குக்கு அவன் கேட்டுவிட்டான்.

இப்போது என் கதையைக் கேள். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் திரைச்சீலை தைக்கத் துணி கொடுக்க வந்தார். சுவரில் உன் பழுப்புக் காகிதம் மாட்டியிருப்பதைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும், ஆனால் யார் செய்து தரப்போகிறார்கள் என்று இழுத்தார். நான் பாட்டுக்குத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். "அதுக்கென்ன டீச்சர், அடுத்த மாசம் இருபதாம் தேதி வந்து வாங்கிக்குங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகுதான், கிடாரின் கழுத்து எந்தக் கடையில் விற்கும் என்றே எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

அத்தான் தலையில் கை வைத்து, "இந்த வியாதி உங்க வீட்டுல எல்லாருக்கும் உண்டா?" என்றார். கேட்டுவிட்டுப் பலகை எடுக்கப் போய்விட்டார்.

டீச்சர் தினமும் இந்த வழியாகத்தான் போகிறார். கேட்பதில்லை, பார்த்துச் சிரிக்கிறார். உன் மேடம் தட்டியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. ஒரு கழுத்து வாங்கிக்கொண்டு வா, சுரண்டிப் பார்த்து வாங்கு. வெட்டும் மேசையில் பாதியைக் காலி செய்துவிட்டேன். ஜன்னல் பக்கத்துப் பாதி உனக்கு.

அக்கா